ரூத்தம்மா வேண்டாம் என்ற மஞ்சள்

ரஹ்மத்தின் உள்ளங்கையில் ஓர் ஐந்து ரூபாய்க் காசு விழுந்தது.

அரியலூர் ரயில் நிலையம். சென்னைக்குப் போகும் காலை வண்டி வர இன்னும் கால் மணி நேரம் இருந்தது. தண்ணீர் பாட்டிலுக்காக என்னிடம் கை நீட்டியபடி நின்றாள் ரஹ்மத். நான் பாட்டிலைக் கொடுப்பதற்குள் ஒரு பெண் அந்தக் கையில் காசைப் போட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"ஆத்தாவுக்கு நடக்குறீங்களாக்கா? நான் தூர தேசம் போறேன். எனக்காகவும் ஒரு வார்த்தை வேண்டிக்குங்க."

ரஹ்மத் லப்பைக்குடிகாட்டுக்காரி. தலை முதல் கால் வரை கறுப்பு பர்தா. அதன் மேல், தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்காக, பளிச்சென்று ஒரு மஞ்சள் துண்டு. எனக்கும் அதே துண்டு. எங்களோடு நின்ற எறையூர் வசந்தாவுக்கும் அதேதான். மாசி மாதம் வேறு. பெரம்பலூர் நெடுஞ்சாலை முழுக்க மஞ்சள் புடவைக் கூட்டம் சமயபுரத்தை நோக்கி நடந்துகொண்டிருந்த நேரம். மடிப்பிச்சை எடுத்து வேண்டுதலை முடிக்க நிற்பவர்கள் என்று எங்களையும் நினைத்துவிட்டாள் அந்தப் பெண். பர்தாவை அவள் கவனிக்கவே இல்லை. மஞ்சளைத்தான் பார்த்தாள்.

அவளுக்கு முப்பது வயது இருக்கலாம். புதுப் பை, புதுச் செருப்பு. செருப்புக்குள் இருந்த கால் விரல்களின் இடுக்கில் வயல் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. பின்னால் டீக்கடை ஓரம் வெள்ளைச் சட்டை போட்ட ஓர் ஆள் போனில் பேசிக்கொண்டே இவளை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

இவளைப் போன்ற ஒருத்திக்காகத்தான் வாரா வாரம் திங்கட்கிழமை அந்தப் பிளாட்பாரத்தில் காய்ந்துகொண்டிருந்தோம். வாரங்கள் போனதுதான் மிச்சம், ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. இவள் வந்ததும் எங்களைத் தேடி அல்ல, ஆத்தாவைத் தேடி.

இதில் இன்னொரு வேடிக்கை. மஞ்சள் துண்டுக்கு அன்றுதான் கடைசி நாள். அடுத்த திங்களிலிருந்து நீலம் என்று முடிவாகி, துணியும் வெட்டியாகிவிட்டது. ஏன் நீலம் என்று சொல்ல வேண்டுமானால் நான் உங்களை இஸ்ரேலில் இருக்கும் ஹைஃபாவுக்குக் கூட்டிப் போக வேண்டும்.

ஒரு சண்டைக்காரியும் இன்னொரு சண்டைக்காரியும்

அரியலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் இருபது வருடம் ஊசி போட்டவள் நான். நாற்பத்தைந்து வயதில், இஸ்ரேலில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனேன். அங்கே எனக்கு வாய்த்தவர் ரூத்தம்மா.

வாய்த்தவர் என்று மரியாதையாகச் சொல்கிறேன். முதல் மாதம் முழுக்கச் சண்டை. நான் ஜன்னலைச் சாத்துவேன், அவர் திறப்பார். நான் வைத்த மிளகு ரசத்தை முகர்ந்து பார்த்து, "இது குடிக்கவா, காலில் தேய்க்கவா?" என்று கேட்டார். அவருக்கு வந்த ஆங்கிலமும் எனக்கு வந்த ஆங்கிலமும் அண்ணன் தம்பி. ஆனாலும் திட்டுவது மட்டும் இருவருக்கும் தெளிவாகப் புரிந்தது.

அவர் கூடத்துச் சுவரில் ஒரு பழைய புகைப்படம் இருந்தது. ரயில் நிலையப் பிளாட்பாரத்தில் ஏழெட்டுப் பெண்கள். தலையில் தொப்பி, நீளக் கோட்டு, எல்லோர் கையிலும் ஒரே மாதிரி வெள்ளைப் பட்டை. ஒரு நாள் தூசி தட்டும்போது கேட்டேன்.

"இவங்கல்லாம் எந்தக் கோயிலுக்கு யாத்திரை போறாங்க?"

ரூத்தம்மா சிரித்த சிரிப்பில் பல்செட் கழன்று மடியில் விழுந்தது. அன்றோடு எங்கள் சண்டை தீர்ந்தது. அதாவது, ஜன்னல் சண்டை மட்டும் மிச்சம் இருந்தது.

தொப்பி போட்ட பெண்கள்

படத்தில் இடது ஓரம் நின்றவர் ரூத்தம்மாவின் அம்மா. பக்கத்தில் பெரியம்மா. இரண்டு பேரும் ஜெர்மனியில் யூதப் பெண்கள் நடத்திய ஒரு சங்கத்தின் உறுப்பினர்கள்.

நூறு வருடத்துக்கு முந்தைய கதை. கிழக்கே ஏழைக் கிராமங்களில் இருந்த யூதக் குடும்பங்களைத் தேடித் தரகர்கள் வருவார்கள். உங்கள் பெண்ணுக்கு வேலை இருக்கிறது என்பார்கள், மாப்பிள்ளை இருக்கிறான் என்பார்கள். நம்பி ரயிலேறிய பெண்கள் கடல் தாண்டி ஏதோ ஒரு துறைமுகத்தில், சொல்லக்கூடாத வீடுகளில் போய்ச் சேர்வார்கள். வீட்டுக்குக் கடிதம்கூட வராது.

இந்தச் சங்கத்துப் பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ரயில் நிலையத்தில் போய் நின்றார்கள், அவ்வளவுதான். கையில் பட்டை கட்டிக்கொண்டு, தனியாக இறங்கும் பெண்ணிடம் போய் ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள்.

"உன்னைக் கூப்பிட யார் வருகிறார்கள்?"

பதில் சொல்லத் தடுமாறினால் அவளுக்கு அன்று படுக்க இடமும் சூப்பும் சங்கத்தின் பொறுப்பு. சங்கத்தை ஆரம்பித்தவர் வசதியான வீட்டுப் பெண், கல்யாணமே செய்துகொள்ளாதவர். கைவிடப்பட்ட பெண்களுக்கும் அவர்கள் குழந்தைகளுக்கும் ஓர் இல்லம் நடத்தினார். யூத சபைத் தேர்தல்களில் பெண்களுக்கும் ஓட்டு வேண்டும் என்று சங்கம் மல்லுக்கட்டியது. சில ஊர்களில் வாங்கியும் காட்டியது.

சபைப் பெரியவர்கள் குதித்தார்கள். "நம் வீட்டு அழுக்கை நடுத்தெருவில் அலசுகிறீர்களே, ஏற்கெனவே நம்மைப் பிடிக்காதவன் இதை வைத்தே நம்மை அடிப்பானே" என்று. ரூத்தம்மாவின் பெரியம்மா அதற்குச் சொன்ன பதில் அவர்கள் குடும்பத்தில் ரொம்பப் பிரசித்தம். "அழுக்குத் துணியைப் பெட்டிக்குள் வைத்தால் வெளுத்துவிடுமா?"

பிறகு வந்த ஆட்சி யூதர்களை வேட்டையாடியது, அந்தச் சங்கத்தையே கலைத்தது. ரூத்தம்மாவைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு அவர் அம்மா கப்பலேறிவிட்டார். பெரியம்மா வரவில்லை. இல்லத்துக் குழந்தைகளை விட்டுவிட்டு எப்படி வருவது என்று கேட்டாராம். அதற்கு மேல் ரூத்தம்மா அப்போது சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஊர் மானம்

ஊர் திரும்பி சில மாதம் சும்மா இருந்தேன். சும்மா இருப்பது எனக்கு ஒத்துக்கொள்ளாது. ஒரு கல்யாண வீட்டில் ரஹ்மத் அறிமுகமானாள்.

லப்பைக்குடிகாட்டில் வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவில் இருப்பார்கள். ரஹ்மத்தின் கணவருக்கு அங்கே ஒரு கடை. வீட்டு வேலைக்கென்று ஏமாந்து போய் மாட்டிக்கொண்ட பெண்களிடையே ரஹ்மத் வீட்டு போன் நம்பர் கைமாறிக் கைமாறிப் போயிருந்தது. யார் யாரோ அழைத்து அழுவார்கள். அவள் கணவர் தேடிப் போய்த் தூதரகம் வரை கொண்டுவிடுவார். சிலரைக் கண்டுபிடிக்கவே முடியாது.

"கெணத்துல விழுந்த பெறகு கயிறு போடுறதே வேலையா இருக்குக்கா," என்றாள் ரஹ்மத். "கெணத்துப் பக்கம் போகையிலயே ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லையே."

நான் அவளுக்கு அந்தப் புகைப்படத்தைப் பற்றிச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள், "அரியலூர் ஸ்டேசன்லதான நிக்கணும்? திங்கக்கெழமையே நிப்போம்," என்று எழுந்துவிட்டாள். பெரம்பலூருக்கு ரயிலே கிடையாது. அந்தப் பக்கத்துப் பெண்களும் அரியலூருக்குத்தான் வந்தாக வேண்டும் என்பது அவள் கணக்கு.

இதை இங்கே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் போகாதே என்று சொல்லும் சங்கம் இல்லை. நானே போய்ச் சம்பாதித்து வந்தவள்தான். போகிற பெண் கண்ணைத் திறந்துகொண்டு போகட்டும் என்பதுதான் எங்கள் கட்சி. "உன் பாஸ்போர்ட் யார் கையில் இருக்கிறது?" இதுதான் எங்களுடைய ஒரே கேள்வி.

பதினோரு பெண்கள் சேர்ந்தோம். உடனே பேச்சு கிளம்பியது. என் ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டார். "ஊரு மானத்தைக் கொண்டுபோயி பிளாட்பாரத்துல விரிச்சு வச்சிருக்கியே, ஒனக்கு அறிவிருக்கா?" அதே வாரம் ரஹ்மத்தின் மாமனாரும் அதையே கேட்டாராம், அரபுச் சொல் ஒன்றிரண்டு சேர்த்து. எனக்குக் கோபத்துக்குப் பதில் சிரிப்புத்தான் வந்தது. நூறு வருடம், எத்தனையோ கடல், இரண்டு மதம் தாண்டியும் அண்ணன்மார்கள் ஒரே பாடத்தைத்தான் மனப்பாடம் செய்திருக்கிறார்கள்.

வசந்தா வாங்கி வந்த துணி

எங்களைப் பார்த்ததும் அடையாளம் தெரிய வேண்டும். கையில் பட்டை கட்டலாம் என்றேன். கூட்டத்தில் கை எங்கே தெரியும் என்றாள் வசந்தா. எறையூரில் கரும்பு வெட்டும் கூட்டத்துக்கு மேஸ்திரியாக இருந்தவள், அவள் சொன்னால் சொன்னதுதான். டவுனுக்குப் போய் ஒரு பீஸ் மஞ்சள் துணி வாங்கி வந்துவிட்டாள்.

"நல்ல காரியத்துக்கு மஞ்சளை விட்டா வேற என்ன இருக்கு?"

மாசி மாதம் அரியலூரில் மஞ்சள் உடுத்தினால் என்ன நினைப்பார்கள் என்று பதினோரு பேரில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. துண்டில் எழுத்து அச்சடித்துத் தருவதாகச் சொன்னவரும் இழுத்தடித்தார். வெறும் மஞ்சளோடு போய் நின்றோம். முதல் வாரம் ஒருவர், "எந்தக் கட்சிம்மா?" என்றார். மற்றவர்களெல்லாம் காசு போட்டார்கள். வேண்டாம் என்றால் சாமி குற்றம் என்று பயந்தார்கள். ரஹ்மத்துக்குத்தான் வசூல் அதிகம். அத்தனையையும் வசந்தா ஒரு முடிச்சாகக் கட்டிச் சமயபுரம் உண்டியலில் போட்டுவிட்டு வந்தாள்.

இதற்கிடையில் நான் பெருமையாக ரூத்தம்மாவுக்கு வீடியோ கால் போட்டுத் துண்டைக் காட்டினேன். உங்கள் அம்மா மாதிரியே நிற்கிறோம் பாருங்கள் என்றேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது.

"கழற்று. ஜெயா, அதைக் கழற்று."

அன்றுதான் மீதிக் கதையைச் சொன்னார். பெரியம்மாவின் கோட்டில் மஞ்சள் துணியில் நட்சத்திரம் வெட்டித் தைக்கச் சொன்னது அந்த ஆட்சி. யூதர்கள் எல்லோரும் தைத்தாக வேண்டும். "யார் வேண்டுமானாலும் வந்து தன்னிடம் பேசட்டும் என்று வெள்ளைப் பட்டை கட்டி நின்றவள் அவள். அவளிடம் யாருமே பேசக் கூடாது என்று மஞ்சளைத் தைக்க வைத்தார்கள். அதே ஸ்டேஷனிலிருந்துதான் அவளைக் கொலை முகாமுக்கு ரயிலேற்றினார்கள். நீ வேறு எந்த நிறம் வேண்டுமானாலும் போட்டுக்கொள்."

தாலிக் கயிற்றிலும் கல்யாணப் பத்திரிகை மூலையிலும் நான் பார்த்து வளர்ந்த மஞ்சள், ஒருவருக்கு இப்படியும் வலிக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

சங்கத்தில் சொன்னேன். ஒருத்திகூட மறுத்துப் பேசவில்லை. "அந்தம்மா மனசை நோகடிச்சு நமக்கு என்னக்கா சங்கம்? நீலம் வாங்கிருவோம்," என்றாள் ரஹ்மத். நீலத் துணி தைத்து வர ஒரு வாரம் ஆகும். அதுவரை இன்னும் ஒரு திங்கள் மட்டும் மஞ்சள்.

கால் மணி நேரம்

அந்தத் திங்கட்கிழமைதான் காசு விழுந்தது.

வழக்கம்போல் "நாங்க சாமிக்குப் போறவங்க இல்லம்மா" என்று சொல்ல வாய் எடுத்தேன். வசந்தா என் முழங்கையைக் கிள்ளினாள். நல்லவேளை கிள்ளினாள்.

"வேண்டிக்கிறோம்டி தங்கம். ஒம் பேரு என்ன, எந்த ஊரு?" என்று கேட்டாள் வசந்தா.

"மலர்க்கொடிங்க. தா.பழூரு பக்கம். தையல் கம்பெனி வேலைக்கிப் போறேன். யாருகிட்டயும் பேசக் கூடாது, பேசுனா கண்ணுபட்டுரும்னு சாரு சொன்னாரு. ஆத்தாவுக்குக் காணிக்கைன்னதும்தான் சரி போயிட்டு வான்னாரு."

எங்களுக்குள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை வாரமும் எங்கள் கண்ணில் படாமல் போன பெண்கள் இப்படித்தான் வாய் கட்டப்பட்டுப் போயிருக்கிறார்கள். அந்த ஆள் யாரோடும் பேச விடமாட்டார், ஆத்தாவுக்கு மட்டும் தடை போடத் துணியவில்லை.

"பாஸ்போர்ட் யார் கையில இருக்கு?" என்றேன்.

"சாரு கையிலங்க. விசாவுக்கு மட்டும் ஒரு ஜெராக்ஸ் குடுத்தாரு."

பையிலிருந்து எடுத்து நீட்டினாள். பாதி ஆங்கிலம், பாதி அரபு. மங்கலான நகல், ஆங்கிலப் பக்கம் கறுப்பாக அப்பிக்கிடந்தது. ரஹ்மத் வாங்கிக் கண்ணருகே பிடித்தாள். சின்ன வயதில் மதரஸாவில் குர்ஆன் ஓதக் கற்றவள். அரபு பேசத் தெரியாது, எழுத்துக் கூட்டத் தெரியும். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தினாள்.

"ஜி... யா... ரா." நிமிர்ந்தாள். "யா அல்லா. ஜியாரத்துன்னு போட்டுருக்குக்கா."

"அப்படின்னா?" என்றாள் மலர்க்கொடி.

"நாங்க தர்காவுக்குப் போறதை ஜியாரத்னுதாம்மா சொல்லுவோம். போயிப் பாத்துட்டுத் திரும்பி வர்றது. வேலைக்கிப் போறவளுக்கு எதுக்கு இந்தப் பேப்பரு? இதை வச்சு நீ அங்க வேலை பாத்தா, சம்பளம் கேட்டு வாய் தொறக்க முடியாது. ஓடுனா போலீசு ஒன்னையத்தான் புடிக்கும்."

மலர்க்கொடி பையின் காதை முறுக்கிக்கொண்டே இருந்தாள். வண்டி வரும் அறிவிப்பு ஒலித்தது. வெள்ளைச் சட்டை எங்களை நோக்கி வந்தார்.

"காணிக்கை போட்டாச்சுல்ல? வா, ஏறணும்."

நான் வாயைத் திறக்கும் முன் மலர்க்கொடியே கேட்டாள். "சார், எம் பாஸ்போர்ட்டக் குடுங்க. நானே வச்சுக்கிறேன்."

"சென்னையில தரேன்."

"இப்பக் குடுங்க."

"பைத்தியமா ஒனக்கு? வண்டி ரெண்டு நிமிசந்தான் நிக்கும்."

மலர்க்கொடி தன் புதுப் பையைப் பிளாட்பாரத்தில் வைத்தாள். அதன் மேல் உட்கார்ந்தாள்.

"குடுத்தாத்தான் எந்திரிப்பேன்."

அந்த உட்காரலை நான் சாகும் வரை மறக்கமாட்டேன். நாங்கள் சொல்லிக்கொடுத்ததல்ல அது. வண்டி வந்து நின்றது. வெள்ளைச் சட்டை ஒரு கணம் இவளைப் பார்த்தார், ஒரு கணம் வண்டியைப் பார்த்தார். தன் தோள்பையோடு தாவி ஏறிவிட்டார்.

"எம் பாஸ்போர்ட்டு!" என்று அலறினாள் மலர்க்கொடி.

வசந்தா ஓடிப்போய் அந்தத் தோள்பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள். கரும்பு வெட்டிய கை, விடுமா? அவர் ஒரு பக்கம் இழுக்க, இவள் ஒரு பக்கம் இழுக்க, வண்டிக்குள் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது என்ன? மஞ்சள் போட்ட மூன்று பெண்கள், அவர்களிடமிருந்து பையைப் பறித்துக்கொண்டு ஓடப் பார்க்கும் ஓர் ஆள்.

"டேய், ஆத்தாவுக்கு வேண்டிக்கிட்டவங்ககிட்டயாடா திருடுறே!"

எங்கிருந்து வந்தார்களோ தெரியாது, நாலைந்து பேர் அவரை அப்படியே அலாக்காகத் தூக்கிக் கீழே இறக்கிவிட்டார்கள். வண்டி அவர் இல்லாமல் நகர்ந்தது. ரயில்வே போலீஸ் அம்மா ஒருவர் வந்து பையைத் திறக்கச் சொன்னார். மலர்க்கொடியின் பாஸ்போர்ட் இருந்தது. அதோடு இன்னும் நாலு பெண்களின் பாஸ்போர்ட். வெள்ளைச் சட்டையை அந்தம்மா கையோடு கூட்டிப் போனார்.

அந்த நாலு பேரையும் அந்த வாரத்திலேயே தேடிக் கண்டுபிடித்து அவரவர் கையில் சேர்த்தோம். ஒருத்தியும் இன்னும் ஊரைவிட்டுக் கிளம்பியிருக்கவில்லை. நான் மார்தட்டிக்கொள்ளும் ஆள்தான், ஒப்புக்கொள்கிறேன். அன்று மூவரும் டீக்கடையில் நின்று ஆளுக்கு இரண்டு டீ குடித்தோம். ரஹ்மத் அழுதுகொண்டே சிரித்தாள். என் ஒன்றுவிட்ட அண்ணன் சாயங்காலம் போன் செய்து, "நம்ம ஊரு பேரைக் காப்பாத்திட்டே" என்றார். மானத்தைக் கொஞ்சம் தாமதமாகக் கண்டுபிடித்துவிட்டார் போலிருக்கிறது.

யார் வந்தார்கள்

அடுத்த கூட்டத்தில் நீலத் துணி மேசை மேல் இருந்தது. மலர்க்கொடியும் வந்திருந்தாள், பெரம்பலூரில் ஒரு தையல் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். நீலத்தை எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"இதைப் போட்டுக்கிட்டு நின்னுருந்தா நான் வந்திருக்கவே மாட்டேங்க்கா."

முடிவை நாங்கள் எடுக்கக் கூடாது என்று தோன்றியது. ரூத்தம்மாவுக்கு அழைத்தேன். நடந்ததை முழுக்கச் சொன்னேன். இரண்டாம் தடவையும் சொல்லச் சொன்னார். தொண்ணூறை நெருங்கிவிட்டார் இப்போது, காது மந்தம். பிறகு மலர்க்கொடியைக் காட்டச் சொன்னார்.

"அவளிடம் கேள், ஜெயா. அவளைக் கூப்பிட யார் வந்தார்கள்?"

நான் தமிழில் கேட்டேன். அது எத்தனை பழைய கேள்வி என்று மலர்க்கொடிக்குத் தெரியாது. அவள் எங்களை விரலால் சுட்டினாள்.

"இந்த மஞ்சத் துண்டு அக்காங்க வந்தாங்க."

ரூத்தம்மா திரும்பிச் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். பிறகு, "எனக்கு ஒன்று தைத்து அனுப்பச் சொல்," என்று போனை வைத்துவிட்டார்.

மலர்க்கொடியே ஓரம் மடித்துத் தைத்து அனுப்பினாள். போய்ச் சேர மாதக்கணக்கில் ஆனது. ஒரு நாள் காலை அங்கிருந்தே வீடியோ கால் வந்தது. சக்கர நாற்காலியில் ரூத்தம்மா. பின்னால் சுவரில் தொப்பி போட்ட பெண்கள். அவர் கம்பளிச் சட்டையின் மேல், தோளிலிருந்து இடுப்பு வரை, எங்கள் மஞ்சள்.

"இதைப் போட்டுக்கொண்டுதான் இன்றைக்குக் கடைத்தெருவுக்குப் போனேன்," என்றார். "நாலு பேர் நின்று என்னிடம் பேசினார்கள்."